பஸ்ஸைத் தாண்டிய குற்றம்

உப்பளத்தில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, அபராதச் சீட்டோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தான் சாலமன். நிறுத்தத்தில் பிள்ளைகளை இறக்கிவிட நின்றிருந்த ஸ்கூல் பஸ்ஸை அவனுடைய மொபெட் தாண்டியதை பஸ்ஸிலிருந்த கேமரா பிடித்துவிட்டதாம்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஏட்டு தனகோடி. கேமரா வரும்வரை அதே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு முன்னால் வெயிலில் நின்று, பிள்ளைகளை ஈசிஆர் ரோட்டைக் கடக்கவைத்த மனுஷர். இப்போது ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நாளெல்லாம் கேமரா படங்களைச் சரிபார்க்கிறார்.

“அடுத்த படத்தையும் பாருங்க சார்.”

அதில் சாலமன் மொபெட்டைக் குறுக்கே போட்டு, கையை நீட்டி லாரியை மறித்திருந்தான். அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

“அதெல்லாம் இருக்கட்டும்பா. பஸ்ஸத் தாண்டுனியா, இல்லியா?”

“தாண்டுனேன் சார். நீங்க நின்ன எடத்துக்குப் போவணும்னா தாண்டித்தானே ஆவணும்?”