பெரிய ஆபரேஷன்

என் வீட்டுக்காரர் தனசேகருக்கு லாரிதான் மூத்த சம்சாரம். நான் இளையவள். சித்தூரில் மாங்கூழ் டின் ஏற்றினால் சென்னைத் துறைமுகம், அங்கிருந்து வேறு லோடு. எங்கே போகிறார், எப்போது சாப்பிடுகிறார், ஆண்டவனுக்கே வெளிச்சம். நகரி வீட்டுக்கு வந்தால் ஒரு ராத்திரி தூங்குவார். அதையும் ஓனர் சிரஞ்சீவி போன் போட்டுக் கெடுத்துவிடுவார்.

வேளாவேளைக்குச் சோறு பார்க்காத வயிறு எத்தனை வருஷம் சும்மா இருக்கும்? அல்சர். மாத்திரையை ஒரு வாரம் போடுவார், வலி நின்றதும் மறந்துவிடுவார். புண் ஆறுவதும் கிளம்புவதுமாகத் தழும்பேறி, கடைசியில் இரைப்பையின் வாசலே சுருங்கிப் போனது. காலையில் தின்ற இட்லி சாயங்காலம் அப்படியே வாந்தியாக வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்கள்.

அழுதேன். அழுதுகொண்டே எனக்குள் ஓர் ஆசையும் முளைத்தது. எங்கள் வேங்கடாசலம் பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் இதே ஆபரேஷன். நெஞ்சுக்குக் கீழே தொப்புள் வரைக்கும் கிழித்துத் தைத்தார்கள். மூன்று மாதம் வீட்டை விட்டு நகரவில்லை. மூன்று மாதம்! இவருக்குக் குழைவாகச் சோறு பிசைந்து வைப்பேன், சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து ரெண்டு பேரும் ரிமோட்டுக்குச் சண்டை போடுவோம். ஆபரேஷனுக்குப் போன பஸ் புத்தூர் தாண்டுவதற்குள் அந்த மூன்று மாதத்தையும் வாழ்ந்து முடித்துவிட்டேன்.

டாக்டரம்மா யாமினி சிரித்துக்கொண்டே தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். "பெரிசா கிழிக்கறதெல்லாம் இல்லம்மா. வயித்துல நாலு சின்ன ஓட்டை, ஒண்ணுல கேமரா. டிவியில பார்த்துக்கிட்டே இரைப்பைக்கும் குடலுக்கும் புது வழி போட்டுடுவோம். மூணு வாரத்துல மெதுவா வேலைக்குப் போயிடலாம்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றேன். வாய்தான் சொன்னது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து முதலில் கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு. எதுவும் திரும்பி வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசியே தெரியவில்லை. ஒரு மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது ஓனர் போன். எடுத்தேன்.

"இன்னாம்மா, எப்போ வருவான்?"

"பெரிய ஆபரேஷன்ணா. வயித்தையே கிழிச்சிக்கீறாங்க. மூணு மாசம் அசையக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பெரியப்பா வயிற்றைத்தானே சொன்னேன்.

மறுவாரம் சிரஞ்சீவி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து நின்றார். நான் காபி போட உள்ளே போன நேரம், பின்னால் இவர் குரல்.

"இன்னாண்ணா பெரிய ஆபரேஷன்? கொசு கடிச்சாப்பல கீது, பாருங்க!"

எட்டிப் பார்த்தேன். பனியனைத் தூக்கிக்கொண்டு நாலு பிளாஸ்திரியையும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். சிரஞ்சீவி வயிற்றைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு, "சரி தனசேகர், டாக்டர் சொன்ன தேதிக்கு வந்துடு" என்று கிளம்பினார்.

"இன்னா கன்னிகா, ஓனர் உன்னிய ஒரு மாதிரி பாத்துகினு போறாரு?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "மூணு மாசம்னு நான்தான் சொன்னேன். நீ ஊட்லயே இருக்கணும்னு எனக்கு ஆசையா கீது மாமா. போதுமா?"

அவர் பனியனைத் தூக்கி நாலு பிளாஸ்திரியையும் ஒரு தடவை பார்த்தார். பனியனை மெதுவாக இறக்கிவிட்டார்.

"இத நான் பனியன தூக்கிக் காட்டறதுக்கு மின்னாடி சொல்லக்கூடாதா?" என்றார்.