மூன்று முறைக்கு மேல்

அம்மா போய் இன்றோடு ஐந்து நாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் நல்ல சாவு என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"படுக்கையில கெடந்து சீரழியாம போயிட்டா உங்கம்மா மாரியாத்தா. அதுக்குங் குடுத்து வெச்சிருக்கோணும் கதிரேசா," என்று இன்றைக்கும் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் அக்கா சொன்னார். உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்த வாய்வரை வந்தது. அன்றைக்குப் பல்பு எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் போகவில்லை. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் ஒரே சுவர். ஆறு தறியும் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், எலக்ட்ரீஷியனைப் பிடித்து அடுப்படியில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னாள். அதற்குப் பல்பு குடோனில். ஒருமுறை எரிந்தால் டீ. இரண்டு முறை, சாப்பாடு. மூன்று முறை என்றால் விருந்தாளி, சட்டையைப் போட்டுக்கொண்டு வா. முப்பத்தைந்து வருஷம் வீட்டை அந்தச் சுவிட்சை வைத்தே நடத்தினாள். "காது இருந்துஞ் செவுடுக, ரெண்டும்!" என்று திட்டிக்கொண்டே தட்டில் இன்னொரு பிடி சந்தகையை வைப்பாள். அவளைப்போலச் சண்டை போடவும் ஆளில்லை, பார்த்துப் பார்த்துப் போடவும் ஆளில்லை.

அன்று காலை அப்பாவும் நானும் சாப்பிடாமலே தறிக்குப் போய்விட்டோம். அதில் அவளுக்குக் கோபம். பதினோரு மணிக்குப் பல்பு எரிந்தது. மூன்று முறையோடு நிற்கவில்லை, விடாமல் எரிந்து எரிந்து அணைந்தது. வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்தேன். அறுந்த நூலைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது வெளிச்சம் இல்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று சிரித்தேன். சிரித்தேனே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. ஒரு மணிக்குப் போனால், சுவிட்சுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டால் சில்லென்று இருந்தது.

பல்பு சீக்கிரமே நின்றுவிட்டது, அதிக நேரம் தவித்திருக்க மாட்டாள். இந்த ஐந்து நாளும் அதை ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் சொல்லிவிடுவது என்று குடோனுக்குப் போனேன். நின்றுபோன தறியில் கை வைத்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அன்னைக்கு லைட்டு விடாம எரிஞ்சுதுங்க. நான் பாத்தனுங்க. எந்திரிச்சுப் போகலீங்க. என்னை மன்னிச்சுப்போடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே கையைக் காட்டினார். ஹோல்டர் காலியாக இருந்தது.

"சோத்துக்கு இத்தனை அலம்பலான்னு கோவம் வந்துருச்சு கண்ணு. நாந்தான் கழட்டிப்போட்டேன்."

"கழட்டறப்போ?"

"கை சுட்டுது. எரிஞ்சுட்டேதான் இருந்துச்சு."

அப்படியானால் அதற்கப்புறம் எத்தனை நேரம் அழுத்தினாள்? இருவரும் வரமாட்டோம் என்று எப்போது அவளுக்குத் தெரிந்தது? அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

அடுப்படியிலிருந்து வெங்கடம்மாள் அக்கா குரல் கொடுத்தார். "ஏனுங்க, சோறு ஆறுது, வாங்க!"

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடினோம்.