பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட்

ஸ்லைடு கிட்டாரில் கம்பியை அமுக்கக் கூடாது. இடது கை மோதிர விரலில் ஒரு குழாயை மாட்டி, கம்பியின் மேல் பட்டும் படாமலும் நகர்த்த வேண்டும். போனில் வீடியோ பார்த்துத்தான் பழகுகிறேன். குழாய்க்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பட்டறை டூல் பெட்டியிலிருந்த, போல்ட் கழற்றும் நீளமான பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட் ஞாபகம் வந்தது. மாட்டிப் பார்த்தேன். என் விரலுக்கே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம் என்று சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்தேன்.

நான் கோகுல்ராஜ், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு மெக்கானிக். ஸ்பேனர் பிடித்த கை அமுக்கத்தானே செய்யும்? கம்பி கீச்சென்று கத்தியது. "ஏனுங்க, பூனை வாலை மிதிச்சுப்போட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி ரஞ்சிதா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு சுரம் சுத்தமாக வந்தது. அந்த மயக்கத்தில் திங்கட்கிழமை சாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். மறதி இல்லை. இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்ற கொழுப்பு.

அன்றைக்கென்று பார்த்து காளிதாஸ் அண்ணனுக்கு ஒரு லாரி போல்ட்டைக் கழற்ற அது தேவைப்பட்டது. பட்டறையில் மூத்தவர் அவர்; டூல் பெட்டி அவர் பொறுப்பு. பெட்டியைக் கொட்டித் தேடினார். என் வீடு பத்து நிமிடத் தூரம்தான். ஆனால் எதற்கு எடுத்தாய் என்று கேட்டால் கிட்டார் வாசிக்க என்று சொல்ல வேண்டும். பட்டறையே சிரிக்கும். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. போதாக்குறைக்கு நானும் அவரோடு லாரிக்கடியில் படுத்து, டார்ச் அடித்துத் தேடினேன்.

கிடைக்கவில்லை. தேய்ந்துபோன ரிங் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுத்தார். ஸ்பேனர் வழுக்கியது. கை லாரியின் சேசிஸ் இரும்பில் மோதி மோதிர விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கெட்டில் சாக்கெட் இருந்தது.

"நாந்தான் எங்கியோ வெச்சுட்டு மறந்துட்டேன் சாமி. வயசாகுதில்ல? இனிமேட்டு டூல் பெட்டிய நீயே பாத்துக்க" என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. சாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நாந்தானுங்கண்ணா எடுத்துட்டுப் போனேன். கிட்டாரு பழகறதுக்கு."

அவர் அதை எடுத்து, அதில் பொறித்திருந்த 19 என்ற எண்ணைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"எந்த வெரல்ல மாட்டுவ?"

இடது கை மோதிர விரலைக் காட்டினேன். கட்டுப் போட்டிருந்த தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்குக் கையை மடக்கி எங்காவது ஒளித்துக்கொள்ளத் தோன்றியது.

"பழகறதுல தப்பில்ல சாமி. எடுத்துட்டுப் போனதுகூடப் போச்சாது, விடு. ஆனா அன்னிக்கி எங்கூட லாரிக்கடியில படுத்துத் தேடுனியே" என்றார். "டார்ச் வேற அடிச்சியே."