சந்தனப் பொட்டுக்கு அடியில்

மேசையைச் சுற்றி நாலு பேர். மலேசியாவின் கிள்ளானில் பல் டாக்டராக இருக்கும் ரூபிணி. அவள் புருஷன் முகுந்தன், வக்கீல். அசாம் ஜாவாவில் சாப்பாட்டுக் கடையும் பழம்பொருள் கடையும் வைத்திருக்கும் சலாவுதீன். அப்புறம் ஜெயதீபன், ரூபிணியின் தம்பி. ஈஜோக்கில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய இந்த வீட்டில் அப்பா சாகும்வரை கூட இருந்தவன். நடுவில், துண்டின் மேல் கைத்துப்பாக்கி.

வீட்டை விற்றுத் தர வந்த புரோக்கர் காலையில் அதைச் சாமியறையில் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி ஆற்றில் வீச முடியாது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அது இருந்த வீட்டில் குடியிருப்பவன் ஜெயதீபன். மாட்டப்போவது அவன்.

"பயப்படாத தீபன்," என்றாள் ரூபிணி. "அப்பப்பாவுக்கு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போறப்ப குடுத்தது. ரெண்டு பேரும் நிக்கிற போட்டோ இருக்கு. பாய் வருஷத்தைச் சொல்லட்டும், மூணு பேரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போவோம். அத்தான் பேசுவார்."

"நான் தேத்தண்ணி குடிக்க வந்தவன். இதை நான் பார்க்கவே இல்லலா," என்றபடி சலாவுதீன் பல்குச்சியை எடுத்தார்.

துப்பாக்கியின் பக்கவாட்டில் 18.6 என்று வெட்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஜூன் என்பார் அப்பா. எண்ணுக்கு முன்னால் காய்ந்த சந்தனம் கட்டியாக ஒட்டியிருந்தது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை துடைத்து, அதே இடத்தில்தான் பொட்டு வைப்பார். யாரும் சுரண்டிப் பார்த்ததில்லை.

சலாவுதீன் சுரண்டினார். சின்னதாக ஓர் எழுத்து வந்தது.

"சப்பான் எழுத்து. அவங்க ராஜா பட்டத்துக்கு வந்ததுல இருந்து வருஷத்தை எண்ணுவாங்க. பதினெட்டோட இருபத்தஞ்சக் கூட்டுங்க."

நாற்பத்து மூன்று.

"அப்ப சப்பான் ஆட்சி. இங்க ஏது வெள்ளைக்காரத் துரை?" என்றான் ஜெயதீபன்.

"சயாம் ரயில் பாதை போட அவங்க தோட்டத்துல ஆள் பிடிச்ச வருஷம். உங்க தாத்தா கார்த்திகேசு அப்ப இந்தத் தோட்டத்துக் கிராணி, கூலிங்க பேர்ப் புத்தகம் அவர் கையில. சப்பான்காரன் சும்மாவா குடுப்பான், தம்பி?"

முகுந்தன் மேசையில் கிடந்த தாத்தாவின் போட்டோவை எடுத்து ரூபிணியின் கைப்பையில் வைத்து மூடினான்.

"நான் இதுல வரமுடியாது, தீபன்."

"அத்தான், இப்பத்தானே அக்கா..."

"பேப்பர்ல வரும்டா," என்றாள் ரூபிணி. "இதே தோட்டத்து அப்பளசாமி வீட்ல இன்னும் சயாம் போய்த் திரும்பாதவங்களுக்குப் படையல் போடுறாங்க. அந்தக் கிராணியோட பேத்தின்னு எழுதுவான். எனக்குப் பிள்ளைங்க இருக்கு. அப்பாகூட இருந்தது நீதானே?"

"ஆமா. பீ மூத்திரம் அள்ளுனதும் நான்தான். அப்ப ஏன் சேர்ந்து போவோம்னு வரல?"

சலாவுதீன் எழுந்துகொண்டார். "தேத்தண்ணி நல்லா இருந்துச்சு." யாரும் போட்டே கொடுக்கவில்லை.

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நீயா கொண்டு போய்க் குடுத்தா நல்லது," என்றான் முகுந்தன், சட்டப் புத்தகத்தைப் படிப்பவன் மாதிரி. "எங்களுக்குத் தெரியும்னு சொல்லாதே."

ஜெயதீபன் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தான். ஹெல்மெட் மேசையிலேயே கிடந்தது. எடுக்கத் திரும்பினான். அவன் படியில் கால் வைப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டில் சாவி திரும்பியது.