குகை வாசலில் நிற்கிறாள்

எங்கள் வீட்டில் ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே கிளம்புவார். என் கணவர் வசந்தனுக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல். இருவருக்கும் வேலை கூலிம் ஹைடெக் பார்க்கில்தான், ஆனால் வேறு வேறு தொழிற்சாலைகள். சாயங்காலம் கம்பெனி பஸ் என்னை எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இறக்கிவிட, நான் வீட்டை எட்டும்போது, அவர் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருப்பார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே பேசுவார்.

“சோறு இருக்கு. குணா மலை ஏறிட்டா. மேல ஒரு பாலம் ஒடஞ்சி கெடக்கு, என்னான்னு பாரு.”

குணா என்பது வீடியோ கேமில் வரும் பெண். விளக்கு அணைந்துபோன தீவுகளுக்குப் படகில் போய் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஏற்றுவது அவள் வேலை. தொடக்கத்தில் விளையாட்டு அவளுக்குப் பெயர் கேட்டது. வசந்தன் தன் அக்கா குணசுந்தரியின் பெயரைச் சுருக்கிப் போட்டுவிட்டார். “வாழ்க்கையில ஒரு தடவையாவது அக்கா நான் சொன்ன பக்கம் நடக்கட்டும்லா” என்றார்.

இருவரும் ஆடியது ஒரே ஆட்டம்தான். அவர் நிறுத்திய இடத்தில் நான் தொடங்குவேன், நான் நிறுத்திய இடத்தில் அவர். காலையில் ஷிப்ட் முடித்து வந்து அவர் திரையைப் போட்டால் நான் குணாவை எந்தக் கரையில் விட்டிருக்கிறேன் என்று தெரியும். நான் வந்து பார்த்தால் அவர் அவளுக்குச் சிவப்பு மேலங்கி மாட்டியிருப்பார். அன்றைக்கு அவருக்கு நல்ல மனநிலை என்று நான் எடுத்துக்கொள்வேன். நேரில் பேசக் கிடைக்காததை அவளிடம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

ஒரு ஏற்பாடு இருந்தது. படகு ஓட்டுவது, புதிர்களை அவிழ்ப்பது, ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பது, காட்டில் காளான் பொறுக்குவது எல்லாம் என் பங்கு. சண்டை அவருடையது. சண்டை வரும்போல் இருந்தால் குணாவை அங்கேயே நிறுத்திவிட்டு, “குகை வாசல்ல நிக்கிறா” என்று அவருக்கு மெசேஜ் அனுப்புவேன். அடுத்த நாள் குகை காலியாக இருக்கும். நான் உள்ளே போய் விளக்கை ஏற்றுவேன்.

இந்த ஏற்பாடு முதல் நாளே வந்துவிட்டது. விளையாட்டுப் பெட்டி எனக்குத்தான் கிடைத்தது. என் கம்பெனியின் ஆண்டு விருந்துக் குலுக்கலில் என் எண் விழுந்தது. அதனால் நான்தான் திரைக்கு முன்னால் முதலில் நின்றேன். அதில் வாள் வீச இரண்டு சிறு குச்சிகள் இருந்தன. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கையை வீசினால் திரையில் குணாவின் கையும் வீசும்; மோஷன் என்று அதற்குப் பெயர். எதிரி இடப்பக்கம் கேடயம் பிடித்தால் நாம் வலப்பக்கம் வெட்ட வேண்டும். வெட்டினேன். குணா வாளைச் சும்மா தூக்கிக் காட்டினாள். மறுபடி வெட்டினேன். அவள் காற்றைத் தடவிக் கொடுத்தாள். எதிரி அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டான்.

வசந்தன் சோபாவில் புரண்டு சிரித்தார். “ஆயோ உமா, வாள் வீசச் சொன்னா ஆரத்தி எடுக்கிற!”

நானும் சிரித்தேன். குச்சிகளை அவர் கையில் கொடுத்தேன்.

என் கை அப்படித்தான் அசையும். நான் கம்ப்யூட்டர் சிப் செய்யும், தூசு நுழையக் கூடாத கிளீன் ரூமில் வேலை செய்கிறேன். கண்ணைத் தவிர உடம்பு முழுவதும் வெள்ளை உடை. அதற்குள் கையை வீசி நடக்கக் கூடாது, சட்டென்று திரும்பக் கூடாது. வேகமாக அசைந்தால் உடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூசு கிளம்பும். சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் “பெலான், பெலான்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வருவார், மெதுவாக, மெதுவாக என்று. இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்திலும் நான் அப்படித்தான் நடக்கிறேனாம்.

வசந்தனோ ராத்திரி முழுவதும் கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். வீட்டுக்கு வந்ததும் அவருடைய தோள் ஆடக் கேட்கும். பெட்டியில் பட்டன் வைத்த சாதாரண கண்ட்ரோலர் ஒன்றும் இருந்தது. அதை அவர் பிளாஸ்டிக் உறையைவிட்டுக்கூட எடுக்கவில்லை. “மோஷன்லதான் நாமளே அங்க இருக்கிற மாதிரி இருக்கும். பட்டன் அமுக்குறது லிப்ட்டுல ஏறுற மாதிரி.”

நான் மறுக்கவில்லை. எனக்குச் சண்டை பிடிக்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். பலமுறை சொன்னதில் எனக்கே அது உண்மையாகிவிட்டது.

கடைசித் தீவு வந்தது. ஒரு கோபுரம், அதன் வாசலில் ஒரு பெரிய கல் நண்டு. அதை வென்றால் கதை முடிந்துவிடும். சனிக்கிழமை கடலோர ஊரான யானிலிருந்து அக்கா வருவதாக இருந்தது. அவருக்கு முன்னால் நண்டை அடித்து ஆட்டத்தை முடிக்கப் போவதாக வசந்தன் சொல்லிவிட்டார். அதைப் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பர்ஹானாவிடம் சொன்னேன். அவளும் என் லைனில்தான் வேலை செய்கிறாள்.

“அப்ப நீ?”

“நான் பாப்பேன்.”

“பாக்கிறதுக்கா இத்தன நாளு ஆடுன? கேம்ல கூடவா புருஷன் வந்து வழி விடணும்? நீ என்னடி அங்க, காளான் பொறுக்கவா போற?”

பஸ்ஸில் பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வீடு வரும்வரை ஜன்னலில் தெரிந்த எண்ணெய்ப்பனை வரிசைகள் ஒன்றும் மனதில் பதியவில்லை. அந்தத் தீவுகளின் ஒவ்வொரு பாதையும் எனக்குத் தெரியும். எந்தக் கிழவன் எந்தப் பாறையில் உட்கார்ந்து எதற்காக அழுகிறான் என்று தெரியும். குணா வாளை உருவும் நேரங்களில் மட்டும் நான் அங்கே இருந்ததில்லை. சனிக்கிழமை அவர் முடித்துவிட்டால் இனி இருக்கவும் முடியாது. எனக்குப் பிடிக்காதது சண்டையா, அல்லது சண்டையில் என் உடம்பு எப்படித் தெரிகிறது என்பதா? கேட்டவுடனேயே பதில் தெரிந்துவிட்டது.

என் விடுமுறைக் காலையில், வசந்தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கண்ட்ரோலரின் உறையைப் பிரித்தேன். செட்டிங்ஸில் மோஷனை அணைத்தேன். கண்ட்ரோலரில் வலது கட்டைவிரலுக்கென்று இருந்த குட்டிக் குச்சியை எந்தத் திசையில் தள்ளுகிறேனோ அந்தத் திசையில் வாள் வீசும். பழைய குகைகளுக்குத் திரும்பிப் போனேன்; வென்ற குகைகளிலும் திரும்பிப் போனால் எதிரிகள் மறுபடி வருவார்கள். முதல் எதிரி இடப்பக்கம் கேடயம் பிடித்தான். கட்டைவிரல் நகர்ந்தது. குணா வலப்பக்கமிருந்து வெட்டினாள்.

சோபாவில் என் முதுகு அசையவில்லை. உள்ளே நான் குதித்தேன். அவர் சொன்னது தவறு என்று அப்போதே தெரிந்தது. நான் அங்கேதான் இருந்தேன். பார்ப்பதற்கு யாரும் இல்லாத, என் கை எனக்கு மட்டும் கீழ்ப்படிகிற அந்த இடத்தில் முழுதாக இருந்தேன். குகைக்கு மேல் குகையாகப் போனேன். அவருக்குத் தெரியாதபடி மோஷனைத் திரும்பப் போட்டுவிட்டு, சேவ் செய்யாமல் அணைத்தேன்.

சனிக்கிழமை அக்கா இரண்டு பை மாங்காயும் கருவாடுமாக வந்து இறங்கினார். பசியாறி முடிந்ததும் வசந்தன் மேசையை ஓரம் தள்ளிவிட்டுக் குச்சிகளை மாட்டிக்கொண்டார். திரையில் பெயரைப் பார்த்ததும் அக்கா நிமிர்ந்தார்.

“டேய், இது யாருடா குணா?”

“நீதான்.”

“இம்புட்டு ஒல்லியாவா இருக்கேன்?”

வசந்தன் வீசினார். நண்டு ஒரு கொடுக்கை இறக்கி ஒரு கொடுக்கைத் தூக்கியது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வெட்ட வேண்டும். அவர் வீச்சு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு கை பழைய இடத்துக்கு வரும் அந்த நொடியில் நண்டு அடித்தது. குணா விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். அவர் சட்டை நனைந்தது. ஒரு வீச்சில் அக்காவின் தேத்தண்ணி கிளாஸ் பறந்து தரையில் உருண்டது.

“டேய்! என் பேர வச்சி என்னையே சாகடிக்கிற, இப்ப என் தண்ணியவும் கொட்டுற. யான்ல இத மசாலா போட்டுச் சாப்புடுறோம்டா. நீ கும்புட்டுக்கிட்டு நிக்கிற!”

“இரு அக்கா, தோளு புடிச்சிக்கிச்சி.” அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். “கொஞ்ச நேரம் கழிச்சி முடிச்சிடுறேன்.”

தரையைத் துடைத்துவிட்டு எழுந்தேன். “நான் அடிக்கிறேன்.”

“நீயா?” அவர் சிரித்தார். “நண்டுக்கு ஆரத்தி எடுக்கப் போறியா?”

“நீங்க ஒக்காந்து பாருங்க.”

கண்ட்ரோலரை எடுத்தேன். உறை இல்லாமல் இருந்ததை அவர் கவனித்தார்.

“அதுலயா? அது சீட்டிங்லா உமா.”

“பொட்டியோடதான வந்துச்சி? நாமளா வாங்கி வச்சோம்?”

“ஆட விடுடா. கண்ணுக்கு அழகா ஒரு தடவையாவது நான் ஜெயிக்கிறேன்” என்றார் அக்கா.

மோஷனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நண்டு இடது கொடுக்கைத் தூக்கியது. கட்டைவிரல். வலது. கட்டைவிரல். வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் திரும்பி வர வேண்டிய கை இல்லை. நண்டு பின்வாங்கியது, ஒரு கொடுக்கு உடைந்தது, அக்கா கால்களைச் சோபாவின் மேல் தூக்கிக்கொண்டார். இரண்டாவது கொடுக்கும் உடைந்தபோது வசந்தன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“லிப்ட்டுல வந்தாலும் மாடிக்கு வந்தாச்சு” என்றேன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகுதான் நான் பழகாதது வந்தது. கொடுக்கு இல்லாத நண்டு கோபுரத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டு மேலிருந்து கல் எறிந்தது. அதன் ஒற்றைக் கண்ணில் அம்பு விட வேண்டும். கட்டைவிரல் குச்சியால் வில்லைத் திருப்பினால் குறி அந்தப் பக்கம் தாண்டியது, இழுத்தால் இந்தப் பக்கம் தாண்டியது. கண் இருந்த இடத்தில் மட்டும் நிற்கவில்லை. கல் விழுந்தது. குணாவும் விழுந்தாள்.

“பாத்தியா?” வசந்தன் குரலில் கேலி இல்லை, ஆனால் நிம்மதி இருந்தது. “குறி வைக்கிறதுக்கு மோஷன்தான் வேணும். குடு.”

நீட்டிய கையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதைக் கேட்க எனக்குப் பிடிக்காததும், அது சரியாக இருப்பதும் தனித்தனி விஷயங்கள் என்பது அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. மோஷனோடு எனக்கு என்ன பகை? நான் அணைத்து வைத்தது அந்த முதல் நாள் சிரிப்பை.

“குடுக்க மாட்டேன்” என்றேன்.

செட்டிங்ஸைத் திறந்தேன். வில்லுக்கு மட்டும் மோஷன் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டினேன். இனி கண்ட்ரோலரைச் சாய்த்தால் வில்லும் சாயும். வாள் கட்டைவிரலிலேயே இருக்கும்.

“அப்படி ஒன்னு இருக்கா?” என்றார் வசந்தன்.

கொடுக்குகளை மறுபடி முதலிலிருந்து உடைத்தேன். நண்டு ஏறியது. வில்லை இழுத்தேன். இங்கே வீச வேண்டியதில்லை. அசையாமல் இருக்க வேண்டும், அசைந்தால் மெதுவாக அசைய வேண்டும். பெலான், பெலான். மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். குறி வழுக்காமல் ஏறி, கண்ணுக்கு நடுவில் போய் நின்றது. யாரும் அதைத் தள்ளிவிட முடியாது என்பதுபோல் நின்றது. முதல் அம்பை விட்டேன். கல் ஒன்று பக்கத்தில் விழுந்து குணாவின் மேலங்கி படபடத்தது. என் கை நகரவில்லை. இரண்டாவதை விட்டேன். மூன்றாவது அம்பில் கண் உடைந்தது.

நண்டு கற்களாகச் சரிந்தது. எல்லாத் தீவுகளிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. குணா தீவுகளைக் காத்தாள் என்று திரையில் எழுத்து வந்தது.

அக்கா கைதட்டினார். “நான் எப்பம்மா காத்தேன்? மாங்கா நறுக்கக்கூட எழுந்திரிக்கல!”

வசந்தன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி இப்படி ஆடாம வச்சிருந்த?”

“தெனமும் அப்படித்தான் வச்சிருக்கேன்.”

அவர் தலையாட்டினார். பிறகு, “இன்னொரு தடவ மொதல்லேருந்து ஆடலாமா?” என்று கேட்டார். புது ஆட்டத்தைத் திறந்தேன். அது பெயர் கேட்டது. அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அதற்குள் உமாராணி என்று அடித்துவிட்டேன்.

“சரி” என்றார் வசந்தன். “படகு, காளான் எல்லாம் வேணும்னா நான் பாத்துக்கிறேன். சண்ட வந்தா என்னா செய்ய?”

“வாசல்ல நிறுத்திட்டு மெசேஜ் போடுங்க” என்றேன். “நான் வந்து பாத்துக்கிறேன்.”