மழைக்கோட்டுப் பாட்டில் இன்னும் ஒரு டிக்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சின்னப் பொய்தான். ஒரு பழைய இசைத்தட்டைப் பற்றி, "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொன்னது. சொன்னவன் நான். ஆனால் 'நான்' என்று எழுதினால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. எனவே சொன்னவன் பெயர் லியோனல். புக்கிட் பாத்தோக்கில் குடியிருக்கிறான். துவாஸில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். மனைவி இல்லை.

[இருந்தாள். ஜோவன்னா. போன வருடம் இறந்துபோனாள். அவளை அடைப்புக்குறிக்குள் மட்டுமே எழுதுவதாக உத்தேசம்.]

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1967இல், சிங்கப்பூர் இளமையாக இருந்தபோது" – சுற்றுலாக் கையேடு.

"ஊசி தட்டின்மேல் இறங்கியது, நினைவுகளின்" – முடிக்க வெட்கமாக இருக்கிறது.

"லியோனலின் மாமனார் ஒரு காலத்தில் பாடகர்." – உண்மை. இதிலிருந்து போகலாம்.

2

லியோனலின் மாமனார் ஜார்ஜ் ஒரு காலத்தில் பாடகர். அந்தக் காலம் ஒன்றரை வருடம் நீடித்தது. குழுவின் பெயர் 'நைட் ஃபெர்ரி'. நான்கு இளைஞர்கள், ஒரே துணியில் தைத்த நான்கு கோட்டு, வெளிவந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. பாட்டின் பெயர் 'கிவ் மீ பேக் மை ரெயின்கோட்'. காதலி விட்டுப் போனதில் பாடகனுக்குப் பெரிய வருத்தமில்லை. மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதுதான்.

[ஜோவன்னாவுக்கு இந்தப் பாட்டு பிடிக்காது. "புதுசா ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே டாடி" என்பாள்.]

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும், ஈசூனிலிருக்கும் மாமனார் வீட்டுக்குப் போக லியோனலுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. தனியாகப் போய் என்ன சொல்லி உட்காருவது? அப்போதுதான் ஜார்ஜ் போன் செய்தார்.

"லியோனல், உனக்கு கம்ப்யூட்டர் தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"என் ரெக்கார்டைக் கொஞ்சம் கிளீன் பண்ணிக் குடு லா. போட்டா யாரோ பின்னாடி வடை சுடுற மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் லியோனல் மடிக்கணினியோடு ஈசூனுக்குப் போனான். அந்த வாரம் கீறல் சத்தம் எடுத்த வரைக்கும் பாட்டை மாமனாருக்குப் போட்டுக் காட்டுவான். மாமனார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னும் இருக்கு" என்பார். அத்தை ஒன்றும் சொல்லாமல் மீன் குழம்பு ஊற்றுவார்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: இசைத்தட்டிலிருந்து பாட்டைக் கணினியில் ஏற்றினால் திரையில் அது ஒரு அலைக்கோடாகத் தெரியும். கீறல் 'டிக்' என்று கேட்கும் இடத்தில் கோடு ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். அந்த ஊசியை அழித்துவிட்டு இரு பக்கத்தையும் சேர்க்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாகச் செய்யலாம். மொத்தத்தையும் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடும் பொத்தானும் இருக்கிறது. லியோனல் அதைத் தொடவில்லை.)

3

இந்த இடத்தில் எனக்கு லியோனல்மேல் சந்தேகம் வருகிறது. படித்தவன். பம்பில் ஒரு நட்டு லூசாக இருந்தால் தூங்காதவன். அவன் போய், ஆறாவது மாதத்தில் கீறல்கள் தீர்ந்துபோனதும், அழித்தவற்றில் சிலவற்றை எடுத்து மறுபடியும் பாட்டுக்குள் வைப்பானா?

வைத்தான். மாமனாருக்குச் சந்தேகம் வராதபடி வேறுவேறு இடத்தில்.

பாட்டு முடிந்தால் சனிக்கிழமையும் முடியும். அவ்வளவுதான் காரணம். சும்மா போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்ததில்லை.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். கிடைத்தவர் நூருல் அமீன். நைட் ஃபெர்ரியின் டிரம்மர், இன்று ஒன்பது பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. லியோனலை லிட்டில் இந்தியாவுக்கு வரச்சொல்லி, டன்லப் ஸ்திரீட் கடையில் தே ஹாலியா என்கிற இஞ்சி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"தம்பி, அந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணவே எங்களுக்கு அரை நாள்தான் ஆச்சு. நீ தொடைக்கிறதுக்கு எட்டு மாசமா?"

"கீறல் ஜாஸ்தி, அங்கிள்."

"பேரன் அதீஃபுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அந்தப் பாட்டுக்கு நான் ஆடணும். முட்டி ஒத்துழைக்கிறப்பவே குடுத்துடு. சனிக்கிழமை ஜார்ஜ் வீட்டுக்கு நானே வரேன்."

வில்லனாக எழுத உட்கார்ந்தால் அவர் இப்படித்தான் வருகிறார். அவர் கேட்டது நியாயம் என்பதுதான் சங்கடம்.

லியோனல் வீட்டுக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

5

சனிக்கிழமை. சாப்பாட்டு மேசை. பாட்டு ஓடி முடிந்தது. அமீன் மேசையைத் தட்டினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. ஜார்ஜ், நீ இவ்வளவு மோசமாப் பாடியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது."

"நீ டிரம்ஸைத் தூக்கிட்டு ஓடினே. நான் பின்னாலேயே ஓடிக்கிட்டுப் பாடினேன்."

"சரி, முடிஞ்சுபோச்சு" என்றார் அமீன்.

ஜார்ஜ் காதுக்கருவியைக் கழற்றி ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முள்ளே இல்லாத மீனில் முள் தேடினார். லியோனல் மடிக்கணினியை மூடப்போனான்.

"இன்னும் ஒரு டிக் இருக்கு" என்றார் அத்தை.

எட்டு மாதத்தில் பாட்டைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கேம்மா இருக்கு?" என்றார் அமீன்.

"நடுவுல."

"திரும்பப் போடு தம்பி."

போட்டான். ஒன்றுமில்லை.

"இப்பவும் வந்துச்சே" என்றார் அத்தை.

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுது டிரம்ஸ் அடிச்ச காது, அண்ணே. அதை நம்ப முடியாது."

"ஆமா" என்றார் ஜார்ஜ். "எனக்கும் கேட்டுச்சு." காதுக்கருவி இன்னும் ரசத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அமீன் லியோனலைப் பார்த்தார். "நீ சொல்லு. இருக்கா இல்லையா? கல்யாணத்துக்கு எனக்கு இது வேணும்."

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. "இல்லை" என்கிறான். உண்மை வெல்கிறது. ஈசூனிலிருந்து ரயிலேறி, மாறவே தேவையில்லாமல் புக்கிட் பாத்தோக்கில் இறங்கி, கதவைத் திறந்து

வேண்டாம்.

ஆ. "இருக்கு" என்கிறான். அமீன் வெறுங்கையோடு போகிறார். பேரன் கல்யாணத்தில் வேறு யாருடைய பாட்டுக்கோ ஆடுகிறார். இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இ. அத்தை இசைத்தட்டைத் திருப்பிப் போட்டு, "இந்தப் பக்கம் யார் பண்றது?" என்று கேட்கிறார். மிகவும் அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. மேலும் அந்தப் பக்கம் பாடியிருப்பவர் அமீன். அதை எட்டு மாதம் கேட்கும் தெம்பு யாருக்கும் கிடையாது.

நடந்தது இது:

"இருக்கு அங்கிள்" என்றான் லியோனல். "ஆனா கல்யாண ஹால்ல கேக்காது. இந்த வீட்டுலதான் கேக்கும்."

அமீன் மூன்று பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மடிக்கணினியில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இது எனக்கு. அந்த டிக்கை நீங்களே வெச்சுக்குங்க."

அத்தை லியோனலின் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். வேண்டுமா என்று கேட்கவில்லை.

7

இத்துடன் நிறுத்தலாம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எங்கோ ஒன்று இடிக்கிறது. நடுவில் என்று நினைக்கிறேன். சரிசெய்யாமல் கதையை முடிக்க முடியாது.

நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எதுவும் இடிக்கவில்லை என்றால், தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.