ஈஸ்டருக்கு வைத்த திராட்சைச் சாறு

சவப்பெட்டியின் மூடி எந்தப் பக்கம் பொருந்தும் என்று வாசலில் நான்கு ஆண்கள் வாதாடிக்கொண்டிருக்க, ஜெயகுமாரி சமையலறையில் நின்று மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, வாயில் வெள்ளைத் துணி கட்டிய பாட்டில். நாளைக்கு ஈஸ்டர். நற்கருணைக்காக அவள் காய்ச்சிய திராட்சைச் சாறு.

உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி, சித்தூர் சபைக்குக் கொடுப்பது பதினெட்டு வருஷமாக அவள் பொறுப்பு. அந்தச் சாறு இதயத்துக்கு நல்லது என்பது அவள் புருஷன் தேவானந்தத்தின் விசுவாசம். டாக்டர் கொடுத்த மாத்திரையின் மேல் அவருக்கு அவ்வளவு விசுவாசம் இருந்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டார். "ஒரே ஒரு டம்ளர், ஜெயா. நெஞ்ச அடைச்சிக்கினு வருது."

"அது கர்த்தருடைய பந்திக்கு. மாத்திரையப் போடுங்க."

"திருத்தணியவே மூட்டை கட்டி மெட்ராஸுக்குக் குடுத்துட்டேன். எனக்கு ஒரு டம்ளர் கெடையாதா?"

அவர் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. மார்ச் மாசம் முழுக்க, ஏப்ரல் முதல் தேதி ஆந்திராவிலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு மாறும் திருத்தணிக் கிராமங்களின் தஸ்தாவேஜுகளைக் கட்டிக் கட்டி அனுப்பியவர். கைக்கு அதுவே பழகிப்போய், வீட்டில் அப்பளக் கட்டுக்கும் ஆபீஸ் முடிச்சுதான்: இரண்டு சுற்று, குறுக்கே ஓர் இழுப்பு, மேலே ஒரு கண்ணி. அதை அவிழ்ப்பதற்குள் எண்ணெய் காய்ந்து புகைந்துவிடும்.

அவள் கொடுக்கவில்லை. மறுநாள் பெரிய வெள்ளி ஆராதனைக்கு, உடம்புக்கு முடியாத அவரை வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் போனாள். திரும்பி வந்தபோது சாய்வு நாற்காலியில் தேவானந்தம் இருந்தார், உயிர் இல்லை.

அடக்கத்துக்கு வந்த டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அந்தச் சாறு ஒரு டம்ளர் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரா, டாக்டர்?"

"அவர் இதயம் ரொம்ப வீங்கிப் போச்சும்மா. சாறு அதை ஒண்ணும் பண்ணியிருக்காது. குடிச்சிருந்தா வாய்க்கு நல்லா இருந்திருக்கும், அவ்வளவுதான்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'வாய்க்கு நல்லா' கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவள் கூடவே நடந்து வந்தது.

சாயங்காலம் போதகர் கிருபானந்தம் வந்து, தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டே நின்றார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது, தங்கச்சி. நாளைக்கு சாறு..."

ஜெயகுமாரி முக்காலியில் ஏறி பாட்டிலைத் தொட்டாள். கை அப்படியே நின்றது. அவள் எப்போதும் போடுவது சாதாரண ஒற்றை முடிச்சு. இது இரண்டு சுற்று, குறுக்கே ஓர் இழுப்பு, மேலே ஒரு கண்ணி.

"இன்னாம்மா?" என்றாள் மகள் யூனிஸ். திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள், எல்லை மாறியதில் பதினாறு நாளாக மெட்ராஸ்காரி.

"ஒண்ணுமில்ல. தூசி."

முடிச்சை அவிழ்க்காமல், துணியை மெல்ல மேலே நெம்பிக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். போதகரிடம் சாற்றுப் பாட்டிலைத் துணி இல்லாமல் கொடுத்தாள்.

மறுநாள் முழங்காலிட்டுக் கிண்ணத்தில் வாய் வைத்தாள். பதினெட்டு வருஷமாக நாக்கில் ஒட்டிய அந்தக் கெட்டித் தித்திப்பைக் காணோம். சாயம் போன தண்ணீர்தான். குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தவர் ஒரு டம்ளரோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

கோயிலுக்கு வெளியே ரத்தினம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா ஜெயகுமாரி, இந்த வாட்டி சாறு தண்ணியா கீது?"

"திராட்சை பத்தல," என்றாள் ஜெயகுமாரி, கொஞ்சமும் கூசாமல்.

மதியம் யூனிஸ் துவைக்கத் துணிகளை அள்ளினாள். வெள்ளைத் துணியின் முடிச்சில் நகத்தை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"நைனா முடிச்சாட்டம் இருக்குதே, எழவு அவுரவே மாட்டேங்குது."

"அவுக்காத," என்றாள் ஜெயகுமாரி. "அது அப்பிடியே இருக்கட்டும்."

துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஓரத்தில், அவசரத்தில் சிந்திய ஒரு சொட்டு பழுப்பாகக் காய்ந்திருந்தது.